அந்தமானில் காண வேண்டியவையும் காணாமல் விட வேண்டியவையும்

பழைய சிவப்பு நிற 20 ரூபாய்த் தாள் ஒன்று கைக்குக் கிடைத்தால் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தென்னை மரங்கள், அவற்றுக்கு அப்பால் விரிந்த கடல், கரையோரக் குன்று, கலங்கரை விளக்கம் ஆகியவை அதில் அச்சாகியிருக்கும். அது போர்ட் பிளேர் பகுதியின் காட்சி. 2019இல் வெளிவந்த புதிய 20 ரூபாய்த் தாளில் எல்லோரா இடம்பெறும் வரை, அந்தமானுக்கு ஒருநாளும் செல்லாதவர்களும் அந்தமானைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் நடமாடினார்கள். நம்மில் பலருக்கு அத்தீவுகளோடு இருந்த தொடர்பு அவ்வளவே.

இன்று நிலைமை வேறு. சென்னையிலிருந்து கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பிடிக்கும் தொலைவை விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் கடந்துவிடுகிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுப்புப் பயணச் சலுகையில் அந்தமானுக்கு விமானத்தில் செல்லச் சிறப்பு வசதி உண்டு. 2023 ஜூலையில் புதிய விமான முனையம் திறக்கப்பட்டது. தேனிலவுத் தம்பதியர் முதல் ஓய்வு பெற்றோர் குழுக்கள் வரை விடுமுறை என்றதும் அந்தமானை எண்ணுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அவர்களிடம் நீட்டப்படும் பயணத் திட்டங்களைப் படிக்கும்போது நமக்கு ஒரு தயக்கம் எழுகிறது. ஐந்து நாளில் பதினைந்து இடங்கள் என்று அடுக்கப்பட்ட அந்தப் பட்டியல்களில் சிறைச்சாலை, பவளப்பாறை, எரிமலை, பழங்குடியினர் காடு எல்லாம் ஒரே வரிசையில், ஒரே எடையில் நிற்கின்றன.

நம் கருத்து இதுதான்: அந்தமான் பயணத்தின் தரம் பார்த்த இடங்களின் எண்ணிக்கையால் அமைவதன்று. எவற்றை ஆற அமரப் பார்த்தோம், எவற்றைப் பார்க்காமல் விட்டோம் என்பவற்றால் அமைவது. பின்னதைப் பற்றி எந்தப் பயணக் கையேடும் பேசுவதில்லை. ஆகவே இங்கே அதையும் சேர்த்துப் பேச விரும்புகிறோம்.

சிறிய நிலம், பெரிய சுமை

அந்தமான் நிக்கோபார் என்பது 836 தீவுகளும் திட்டுகளும் பாறைகளும் கொண்ட தொகுதி. மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். மக்கள் வாழ்பவை 30 சொச்சம் தீவுகளே. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3,80,581. திருநெல்வேலி மாநகரின் அன்றைய மக்கள்தொகையைவிட இது குறைவு. நிக்கோபார் தீவுகள் பொதுவான சுற்றுலாவுக்குத் திறக்கப்படவில்லை. ஆக, செல்பவர் அனைவரும் ஒரு சில ஊர்களிலும் ஒரு சில கடற்கரைகளிலுமே வந்து குவிகிறார்கள்.

அந்த ஊர்களுக்கு வேண்டிய பருப்பு, எண்ணெய், சிமெண்ட், எரிபொருள் என்று பெரும்பாலானவை கப்பலில் வந்து இறங்க வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நிலம்தான் அது. ஆனால் மழைநீரைத் தேக்கி வைக்கும் பேராறுகள் அங்கு இல்லை. தலைநகருக்கு முதன்மையான நீர் ஆதாரம் தனிக்காரி அணை. கோடை முற்றினால் வீடுகளுக்கு முறைவைத்துத் தண்ணீர் விட வேண்டிய நிலை வருகிறது. சுற்றுலாப் பருவமும் ஏறத்தாழ அதே மாதங்களில்தான் அமைகிறது. விடுதி அறையில் நாம் திறந்துவிடும் குழாய்க்கும், மேட்டுத் தெருவில் குடத்தோடு நிற்கும் பெண்மணிக்கும் தொடர்பு உண்டு. தண்ணீர்ப் பஞ்சம் அறியாதவரல்லர் தமிழர். இதை நாம் எளிதில் உணரலாம்.

இவ்வளவையும் சொல்வது யாரையும் போகாதீர்கள் என்று தடுப்பதற்கன்று. சுற்றுலாதான் அங்கு படகோட்டிக்கும் உணவகத்தாருக்கும் வண்டியோட்டிக்கும் வாழ்வளிக்கிறது. போகும் விதத்தைப் பற்றியே நம் பேச்சு.

சிறையை எப்படிப் பார்ப்பது

முதலில் காண வேண்டியது செல்லுலார் சிறை என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. 1858 மார்ச்சில், முந்தைய ஆண்டுப் புரட்சியின் கைதிகள் 200 பேருடன் ஆங்கிலேயர் இங்கு தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கினர். 1896இல் கைதிகளின் உழைப்பைக் கொண்டே சிறைக் கட்டடம் எழும்பத் தொடங்கியது. 1906இல் நிறைவுற்றது. நடுவில் ஒரு காவற்கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போல ஏழு கிளைகள். மூன்று மாடிகளில் ஏறத்தாழ 700 தனி அறைகள். ஒரு கிளையின் முன்புறம் அடுத்த கிளையின் முதுகைப் பார்க்குமாறு அமைந்தது. ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காணக் கூடாது என்பதே அந்தக் கட்டடக் கலையின் நோக்கம். அடைத்து வைப்பது ஒரு கொடுமை. அடைபட்டவனைத் தனிமைப்படுத்துவது மற்றொரு கொடுமை. இரண்டாவதைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் செய்துவைத்தார்கள்.

பகலெல்லாம் செக்கிழுத்து எண்ணெய் எடுக்க வேண்டும். குறித்த அளவு எண்ணெய் வராவிட்டால் அடி. 1933இல் அரசியல் கைதிகள் உண்ணாநோன்பு இருந்தபோது, வலுக்கட்டாயமாக உணவு புகட்டும் முயற்சியில் உயிர் துறந்தோரும் உண்டு. 1937இல் மீண்டும் நோன்பு. அதன் பின்னரே அரசியல் கைதிகள் தாய்நிலத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இன்று எஞ்சி நிற்பவை மூன்று கிளைகள். 1979 பிப்ரவரி 11 அன்று அன்றைய தலைமையமைச்சர் மொரார்ஜி தேசாய் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அர்ப்பணித்தார். தமிழ்நாட்டில் பலர் இந்தச் சிறையை 1996இல் வந்த ‘சிறைச்சாலை’ திரைப்படத்தின் வழியாகவே முதலில் அறிந்தனர்.

இந்த இடத்துக்குப் பெரும்பாலான பயணத் திட்டங்கள் ஒதுக்குவது ஒரு மணி நேரம். நாம் அரைநாள் ஒதுக்கச் சொல்வோம். கோபுரத்தில் பொறித்த பெயர்களை வாசியுங்கள். ஓர் அறைக்குள் நுழைந்து, கதவின் தாழ்ப்பாள் சுவருக்குள் எவ்வளவு தள்ளி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். உள்ளிருந்து எந்தக் கையும் அதை எட்ட முடியாது. தூக்குமேடையருகே சிரித்தபடி படம் எடுத்துக்கொள்வோரை அங்கு காணலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், அங்கு ஏன் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதை முன்னிரவே சொல்லிவைப்பது நல்லது. மாலையில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியில் வளாகத்து அரசமரம் கதை சொல்வதாக அமைத்திருக்கிறார்கள். பகலில் சிறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அதைக் கேட்டால்தான் அதன் பொருள் முழுமையாக விளங்கும்.

சிறையின் எதிரே கடலுக்குள் தெரிவது ராஸ் தீவு. 2018 முதல் அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஆங்கில அதிகாரிகளின் தலைமையிடமாக இருந்து, 1941 நிலநடுக்கத்துக்குப்பின் கைவிடப்பட்ட ஊர் அது. மாதா கோவிலின் சுவரையும் மாளிகைகளின் சுவரையும் ஆலமர வேர்கள் கவ்விக்கொண்டிருக்கின்றன. இடையே மான்கள் மேய்கின்றன. ஒரு கரையில் சிறை, மறு கரையில் நடன அரங்கு. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் ஏகாதிபத்தியம் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

அந்நிய ஆட்சி ஆங்கிலேயரோடு முடிந்துவிடவில்லை. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை தீவுகளைக் கைப்பற்றியது. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி போர்ட் பிளேரில் மூவண்ணக் கொடி ஏற்றினார். ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, ஒற்றர்கள் என்று ஐயுற்று இந்தியச் சுதந்திரச் சங்கத்தைச் சேர்ந்த 44 பேரை ஜப்பானியர் ஹம்ப்ரிகஞ்சில் சுட்டுக் கொன்றனர். அங்கே ஒரு நினைவிடம் உள்ளது. பட்டியல்களில் அது வருவதில்லை. போக முடிந்தால் போய் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

கடலோடு பழகும் முறை

அடுத்தது கடல். ஸ்வராஜ் தீவு என்று இப்போது வழங்கும் ஹேவ்லாக்கில் உள்ள ராதாநகர் கடற்கரையை 2004இல் ‘டைம்’ இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை எனச் சிறப்பித்தது. 2020இல் அது நீலக்கொடிச் சான்றும் பெற்றது. புகழுக்குத் தகுந்த கரைதான். மாவு போன்ற வெண்மணலை அடுத்து ஓங்கிய மரக்காடு. கதிரவன் மேற்கே கடலில் இறங்கும் வேளையில் அங்கே பேச்சு தானாக அடங்கிவிடும். ஷகீத் தீவு எனப்படும் நீல் தீவு அதைவிடச் சிறியது, அமைதியானது. காய்கறித் தோட்டங்களுக்கு இடையே மிதிவண்டியில் சுற்றிவரலாம். லட்சுமண்பூரில் கடல் வற்றும் நேரத்தில் இயற்கைக் கல்வளைவருகே நடந்து செல்லலாம்.

ஒரு செய்தியை நினைவில் கொள்ளுங்கள். நம் கடிகாரம் ஒன்றேயாயினும் அங்கு சூரியன் சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக வந்து முன்னதாகவே போய்விடுகிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். காலை 9 மணிக்குச் சிற்றுண்டி முடித்துப் புறப்படும் வழக்கத்தோடு சென்றால் பாதி நாளை இழப்போம். அதிகாலை 5 மணிக்கு எழுபவருக்கே அந்தமான் தன்னைக் காட்டும்.

பவளப்பாறைகளைக் காண வண்டூரிலிருந்து புறப்பட வேண்டும். அங்கு 1983இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா 281 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்புடையது. அதன் ஜாலிபாய் தீவு ஆண்டின் ஒரு பகுதியில் மட்டுமே திறந்திருக்கும். மற்ற மாதங்களில் ரெட்ஸ்கின் தீவு திறந்திருக்கும். ஒன்று ஓய்வெடுக்கும்போது மற்றொன்று உழைக்கிறது. நிலத்தைத் தரிசாக விட்டு வளம் மீட்கும் உழவரின் அறிவே இது. பிளாஸ்டிக் பைகளோ பாட்டில்களோ அங்கு செல்லக் கூடாது. இந்தக் கெடுபிடியைச் சலித்துக்கொள்வோர் உண்டு. அத்தீவின் கரை இன்னும் தூய்மையாக இருப்பது அந்தக் கெடுபிடியால்தான் என்பதை இறங்கியதும் காண்பார்கள்.

பவளம் கல்லன்று, உயிர். சிறு பூச்சி போன்ற எண்ணற்ற உயிர்கள் சுண்ணத்தால் கட்டும் ஊர் அது. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்ணிய பாசிகளே அவற்றுக்கு உணவையும் நிறத்தையும் தருகின்றன. கடல்நீரின் வெப்பம் வழக்கத்தைவிட ஓரிரு பாகை கூடி, அது வாரக்கணக்கில் நீடித்தால் பாசிகள் வெளியேற்றப்படுகின்றன. பவளம் வெளுக்கிறது, வெப்பம் தணியாவிட்டால் மடிகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அந்தமான் கடலில் இவ்வாறு வெளுப்பு நேர்ந்தது. உலகக் கடல்களின் வெப்பத்தைத் தணிப்பது ஒரு பயணியின் கையில் இல்லை. ஆனால் மீண்டுகொண்டிருக்கும் பவளத்தின் மேல் காலூன்றி நிற்காமலிருப்பது அவர் கையில்தான் இருக்கிறது. நோயிலிருந்து எழுந்தவரின் தோளில் நாம் மூட்டையை ஏற்றுவதில்லை அல்லவா?

நீச்சல் அறியாதவரும் பயிற்சியாளர் துணையோடு ஸ்கூபா மூழ்கலில் ஈடுபடலாம். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. மூழ்கிய பின் குறைந்தது 18 மணி நேரமாவது விமானம் ஏறாமலிருப்பதே பாதுகாப்பு. ஆழத்தில் குருதியில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது குமிழிகளாகி உடலை வருத்தும். ஆகவே கடைசி நாளில் ஸ்கூபாவை வைத்திருக்கும் பயணத் திட்டத்தைத் தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள். சில கரைகளில் உப்புநீர் முதலை பற்றிய எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. அவை அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல.

சிப்பியும் பவளத் துண்டும் பொறுக்கி வரும் ஆசை யாருக்கும் இயல்பே. ஆனால் பவளம் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. கரையில் இறந்து கிடப்பதும் அதில் அடங்கும். வீட்டு அலமாரியில் வைக்கும் ஒரு துண்டுக்காக விமான நிலையச் சோதனையில் தலைகுனிந்து நிற்க வேண்டுமா?

செல்ல வேண்டாத சாலை

இப்போது காணாமல் விட வேண்டியதற்கு வருகிறோம்.

தெற்கு அந்தமானிலிருந்து வடக்கே திக்லிப்பூர் வரை செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை, ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தை ஊடுருவிச் செல்கிறது. ஜாரவாக்கள் சில நூறு பேர். பல்லாயிரம் ஆண்டுகளாக அந்தத் தீவுகளில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்துவரும் தொல்குடியினரின் வழிவந்தவர்கள். 1990களின் இறுதிவரை வெளியாரோடு பகைமை பாராட்டி விலகியே இருந்தனர். பின்னர் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கியதும், 1999இல் தட்டம்மை அவர்களைத் தாக்கியது. நமக்குக் குழந்தைப் பருவத்தில் வந்துபோகும் நோய் அவர்களுக்கு உயிர்க்கொல்லி. இதில் ஐயம் உள்ளவர்கள் கிரேட் அந்தமானியரின் கதையைப் படிக்கலாம். குடியேற்றம் தொடங்கிய காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த அம்மக்கள், நோய்களாலும் மோதல்களாலும் தேய்ந்து இன்று சில பத்துப் பேராக எஞ்சியிருக்கிறார்கள்.

பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளையும் சேற்று எரிமலையையும் காணச் செல்லும் சுற்றுலா வண்டிகள் இந்தச் சாலை வழியாகவே காவல் வண்டியின் பின்னே வரிசையாகப் போகின்றன. நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது என்பன விதிகள். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி மீறல் சிறைத்தண்டனைக்குரியது. ஆயினும் 2012 ஜனவரியில், பயணிகளுக்காக ஜாரவாப் பெண்கள் ஆடவைக்கப்பட்ட காணொளியை ஆங்கில நாளிதழ் ஒன்று வெளியிட்டபோது நாடே நாணியது. உச்ச நீதிமன்றம் 2002லேயே காப்பகப் பகுதியில் இச்சாலையை மூடுமாறு ஆணையிட்டிருந்தது. 2013 தொடக்கத்தில் சில வாரங்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு அது தடை செய்யவும்பட்டது. பின்னர் வண்டிகள் மீண்டும் ஓடின.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு. நடு அந்தமானிலும் வட அந்தமானிலும் குடியேறிய மக்களுக்கு மருத்துவமனைக்கும் சந்தைக்கும் அந்தச் சாலை தேவை. அவர்களுடைய பயணத்தை நாம் குறை கூறவில்லை. பாராடாங்கின் படகோட்டிகளும் சிற்றுண்டிக் கடைக்காரர்களும் பயணிகளை நம்பியே வாழ்கிறார்கள். இது உண்மை. அலையாத்திக் காட்டின் ஊடே படகில் சென்று குகையை அடைவது இனிய அனுபவம் என்பதும் உண்மை. சட்டம் அனுமதிக்கும்போது போனால் என்ன என்று கேட்பதிலும் தவறில்லை.

ஆனால் அந்த வண்டியில் அமர்ந்திருப்பவர்களின் கண்கள் எங்கே இருக்கின்றன என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்வோம். குகையைப் பார்க்கத்தான் போகிறோம் என்கிறோம். சாலையோரத்தில் யாரேனும் தென்படுகிறார்களா என்று சன்னலோரம் நகர்ந்து அமர்கிறோம். தென்பட்டால் திரும்பி வந்து அதைத்தான் முதலில் சொல்கிறோம். மனிதர் மனிதரைக் காட்சிப்பொருளாகக் காண்பது, கை தட்டினாலும் தட்டாவிட்டாலும், படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஒரே செயல்தான். நம் வீட்டு முற்றத்தின் நடுவே அன்றாடம் வண்டிகள் வரிசையாகச் சென்று, அவற்றிலிருப்போர் நம் பிள்ளைகளை எட்டிப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும்? சட்டம் வகுப்பது குறைந்த அளவு ஒழுக்கத்தையே. பண்பு அதற்கு மேல் தொடங்குகிறது.

ஆகவே நாம் சொல்வது: சுற்றுலாவுக்காக அந்தச் சாலையில் செல்லாதீர்கள். வடக்கே போக விரும்புவோருக்குக் கடல்வழி இருக்கிறது. ரங்கத்துக்கும் திக்லிப்பூருக்கும் அரசுக் கப்பல்கள் செல்கின்றன. நேரம் கூடும், வசதி குறையும். ஆனால் ரங்கத்தருகே தனிநல்லாவில் அலையாத்திக் காட்டின் நடுவே மரப்பாலத்தில் நடக்கலாம். திக்லிப்பூரில் ராஸ், ஸ்மித் என்னும் இரு தீவுகளை இணைக்கும் மணல் திட்டைக் காணலாம். காலிப்பூர்க் கரையில் குளிர்காலத்தில் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. தொகுதியின் அந்தமான் பகுதியிலேயே உயரமான சேடில் பீக் 732 மீட்டர். அதன் அடிவாரத்தில் நடக்கலாம். பாராடாங்கின் வருவாய் குறைந்தால் ரங்கத்தின் வருவாய் கூடும். பாராடாங்குக்கும் கடல்வழிப் போக்குவரத்து பெருகினால் அவ்வூராருக்கும் இழப்பில்லை. பயணிகள் அதைக் கேட்கத் தொடங்கினால்தான் அது பெருகும்.

பாரன் தீவின் எரிமலை இந்தியாவில் இயங்கும் ஒரே எரிமலை. அங்கு கரையிறங்க அனுமதியில்லை. வடக்கு சென்டினல் தீவை நெருங்குவதும் குற்றமே. 2018இல் தடையை மீறி அங்கு சென்ற அமெரிக்கர் ஒருவர் உயிரிழந்தார். உலகில் சில கதவுகள் மூடியே இருப்பது, உள்ளே இருப்பவரின் உரிமை.

அங்கே நம் மொழி

அந்தமான் நமக்கு அயல்நிலமும் அன்று. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் முதலாம் இராசேந்திரன் வென்ற நாடுகளின் வரிசையில் மாநக்கவாரம் என்று வருவது நிக்கோபாரே. 2011 கணக்கெடுப்பின்படி தீவு மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். அபர்தீன் கடைவீதியில் தமிழில் விலை கேட்டால் தமிழில் பதில் வரும். இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத் தொழிலுக்காகக் குடியமர்த்தப்பட்டனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மிகக் கடுமையாகத் தாக்கிய தீவுகளுள் கச்சாலும் ஒன்று. நாகப்பட்டினம் அழுத அதே காலையில் கச்சாலும் அழுதது.

வங்கத்து அகதிகள், ராஞ்சித் தொழிலாளர், பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள், கைதிகளின் வழித்தோன்றல்கள் என்று பலரும் அங்கு அருகருகே வாழ்கிறார்கள். உணவகத்தில் பரிமாறுபவரிடம், “உங்க சொந்த ஊர் எதுங்க?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எந்த வழிகாட்டியும் தராத வரலாறு கிடைக்கும்.

திட்டமும் செலவும்

வாடிக்கையாளர்களுக்கு நடைமுறைக்கு உதவும் சில சொற்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். குறைந்தது ஏழு நாள் ஒதுக்குங்கள். தலைநகரில் இரண்டு நாள், ஸ்வராஜ் தீவில் இரண்டு நாள், ஷகீத் தீவில் ஒரு நாள், ஜாலிபாய்க்கு ஒரு நாள், கடைசி நாள் எதுவும் இல்லாமல். காற்று மிகுந்தால் தீவுகளுக்கிடையே கப்பல்கள் நின்றுவிடும். அந்த வெற்று நாளே அப்போது கைகொடுக்கும். விமானத்துக்கு முந்தைய இரவு தலைநகரில் தங்குவது கட்டாயம். போர்ட் பிளேரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. சீட்டுகளில் பழைய பெயரோ புதிய பெயரோ இருக்கலாம், குழப்பம் வேண்டாம்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி ஒளியிழை வடம் வந்தபின் அட்டையும் அலைபேசிப் பணமும் அங்கே பெரிதும் எளிதாகியுள்ளன. ஆயினும் சிறு தீவுகளில் இணைப்பு தடைப்படலாம். இரண்டு நாள் செலவுக்கான ரொக்கம் கையில் இருக்கட்டும். பயணக் காப்பீடு எடுப்போர், அதில் நீர்மூழ்கல் அடங்குமா என்று வாசித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

கடன் அட்டையில் சென்றுவந்து ஓராண்டு வட்டி கட்டும் பயணத்தை நாம் பரிந்துரைப்பதில்லை. மாதம் 5,000 ரூபாயைத் தொடர் வைப்பில் இட்டால் ஈராண்டில் அசல் மட்டுமே 1,20,000 ரூபாய் ஆகும். அந்த ஈராண்டும் பிள்ளைகளோடு தீவுகளைப் பற்றிப் படித்துப் பேசுவதற்கான காலமாகட்டும்.

முன்பணம் கட்டுமுன் பயண ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சிறைச்சாலைக்கு எத்தனை மணி நேரம்? ஸ்கூபாவுக்கும் விமானத்துக்கும் இடையே எத்தனை மணி நேரம்? பாராடாங் நாளை நீக்கிவிட்டு அதற்கு ஈடாக வேறு என்ன தருவீர்கள்? மூன்றாவது கேள்விக்கு அவர் வியப்படையலாம். நூறு வாடிக்கையாளர்கள் அதையே கேட்டால் அடுத்த ஆண்டு அவருடைய அச்சிட்ட திட்டமே மாறிவிடும். பணம் கொடுப்பவரின் விருப்பத்துக்குச் சந்தை செவிசாய்க்கும் என்பதை வங்கியோடு பழகியவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அந்த வலிமையைக் கடலும் காடும் அவற்றில் வாழ்வோரும் நலமாயிருக்கப் பயன்படுத்துவோம் என்பதே நம் வேண்டுகோள்.